ஊரான் விட்டுப்போன செருப்பு

அன்புச்செல்விக்கு மனிதக் கால்களைக் கண்டாலே குமட்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், அவளுக்குச் சோறு போடுவதே கால்கள்தான். திருவண்ணாமலையில் பெரிய தெருவை ஒட்டிய சந்தில் இருக்கும் ஒரு தனியார் சர்க்கரை மருத்துவமனையில், கால் புண்ணுக்குக் கட்டுப்போடும் அறையில் அவள் நர்ஸ். கல்யாணமான வருஷம் சேர்ந்தவள். அன்றைக்குப் பிடித்த மூக்கை இன்றுவரை விடவில்லை.

பௌர்ணமி முடிந்த மறுநாள் அந்த அறை வாசலில் நிற்க இடம் இருக்காது. வெறுங்காலோடு மலையைச் சுற்றிவிட்டு, உள்ளங்கால் முழுக்கக் கொப்புளத்தோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். சர்க்கரை முற்றியவர்களுக்குக் காலில் உணர்ச்சியே இருக்காது. கண்ணாடிச் சில்லு ஏறியிருந்தாலும் வீட்டில் யாராவது தரையில் ரத்தத்தைப் பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

"உங்களுக்கு வெறுங்கால் ஆகாதுனு போன மாசமே சொன்னேன் இல்ல?" என்று கத்துவாள்.

"சாமிகிட்ட போறப்ப எப்பிடிம்மா செருப்போட போறது?"

"அப்ப சாமியையே கட்டுப் போடச் சொல்லுங்க."

கை சுத்தம், வாய் கடுகடுப்பு என்று மருத்துவமனையில் அவளுக்குப் பெயர். இளகிய மனசு என்று ஒருவரும் சொன்னதில்லை. சொன்னால் அவளே நம்பமாட்டாள். சீழ் நாற்றம் தலைமுடிவரை ஏறியிருக்கும். வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தால், முதல் கவளத்தோடு அந்த நாற்றமும் மூக்குக்கு வரும்.

கால் மட்டும் இல்லை. இந்த ஊரில் அவளுக்கு அருவருப்பான விஷயங்களை எழுதினால் கோயில் மதில் போதாது. பௌர்ணமிக்கு மறுநாள் கிரிவலப் பாதையில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். எச்சில் தொன்னை, மிதிபட்ட சாம்பார் சாதம், பாக்குத் துப்பல், மாட்டுச் சாணம், எல்லாவற்றின் மேலும் ஒரு ஊதுபத்தி வாசனை. ஒருமுறை, காரில் இருந்து இறங்கிய ஒரு மனிதர் சாப்பிட்ட தட்டை ஒரு லிங்கக் கோயிலின் மதில் ஓரமாகவே வீசினார். "குப்பைத்தொட்டி அதோ இருக்குதுங்களே" என்றாள். "அட, யாரு பாக்கப்போறாங்க விடும்மா" என்று சொல்லிவிட்டு, நெற்றியில் விபூதியைச் சரிசெய்துகொண்டு காரில் ஏறினார். அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து அவளுக்கு அந்தத் தட்டைவிட வார்த்தைதான் அதிகமாக நாறியது.

அவள் சைக்கிள் ஏறியதும் இந்த மூக்கினால்தான். அவள் கணவன் தசரதன் ரமணாசிரமம் பக்கம் வேன் ஓட்டுகிறவன். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார அம்மா, தன் மலைச் சைக்கிளை அவனிடம் விற்றுவிட்டுப் போனாள். தொப்பையைக் குறைக்கப் போகிறேன் என்று கொஞ்ச நாள் ஓட்டினான். சைக்கிள்தான் இளைத்தது. பிறகு அது மாடிப்படிக்கு அடியில் துணி காயப்போடும் கொடியாயிற்று. ஒரு நாள் விடியற்காலை டியூட்டி முடிந்து வந்தவள், என்ன தோன்றியதோ, ஈரத்துணியை எடுத்துப் போட்டுவிட்டு அதை ஏறி மிதித்தாள். செங்கம் ரோட்டைத் தாண்டிக் காட்டுப் பக்கம் போய், மண் தடத்தில் இறங்கி, காற்று முகத்தில் அடித்தபோது மூக்கில் எந்த நாற்றமும் இல்லை. அவ்வளவுதான். அதற்குமேல் அவளுக்குக் காரணம் தேவைப்படவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை போட்டுப் பிழைத்த அப்பா, பள்ளிக்கூடத்துக்கு அவளை வண்டியில் கொண்டுபோய் விட்டார். நர்சிங் படிக்க அண்ணன் கொண்டுபோய் விட்டான். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்கும் வீட்டுக்குமாகத் தசரதன் வேனில் கொண்டுபோய் விட்டான். எல்லாம் பாசம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் பிறந்ததிலிருந்து ஓர் இடத்துக்குக்கூட அவள் தானாகப் போய்ச் சேர்ந்ததில்லை.

அதனால்தான் ஜவ்வாது மலைப் பந்தயம் என்று கேள்விப்பட்டதும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. திருவண்ணாமலையில் கிளம்பி, மலைத் தடங்களில் ஒரு பகல், ஓர் இரவு, மறுநாள் பகல் முழுக்க மிதித்து, பொழுது சாய்வதற்குள் திருவண்ணாமலைக்கே திரும்ப வேண்டும். முதல் விதி, துணை கிடையாது. வேண்டியதை நீயே சுமக்கணும். வழியில் கடையில் வாங்கலாம், பொதுக்குழாயில் தண்ணீர் பிடிக்கலாம், எல்லோருக்கும் கிடைக்கிற எதையும் எடுத்துக்கொள்ளலாம். உனக்கென்று உன் மனிதர் ஒருவர் ஒரு வாழைப்பழம் கொண்டுவந்து தந்தாலும் ஆட்டத்திலிருந்து வெளியே. இப்படி ஒரு விதியை எழுதியவனுக்குக் கோயில் கட்டலாம் என்று அவள் நினைத்தாள்.

போன வருஷம் போனாள். பாதியில் விட்டாள். அந்தக் கதைக்கு அருண்பிரசாத்தைச் சொல்லியாக வேண்டும்.

அருண்பிரசாத் ஆசிரமத்துக்கு எதிர்ச்சாரியில் காபிக்கடை வைத்திருக்கும் இளைஞன். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டத்துக்கு அவன்தான் குரு. அவன் வாயைத் திறந்தால் கிராம் கணக்குதான். டூத்பிரஷின் பிடியை அறுத்து எறிந்தான், எடை குறையுமாம். அவன் வயிறு மட்டும் மேசை விளிம்பில் தனியாக உட்கார்ந்திருக்கும். ஒரு நாள் புதிதாக வந்த தன் ஷூவை எல்லோருக்கும் காட்டினான். அடியில் கார்பன் பலகை, பக்கத்தில் லேஸுக்குப் பதிலாக ஒரு திருகு, பெடலில் மாட்டிக்கொள்ள அடியில் ஒரு கொக்கி. "எவ்ளோ கம்மி வெயிட்டு பாருங்கக்கா" என்று சொல்லி, காபிக்கொட்டை நிறுக்கும் தராசிலேயே அந்த ஷூவைத் தூக்கி வைத்தான். அன்றோடு அவன் கடைக் காபியை அவள் நிறுத்தினாள்.

காபியை நிறுத்தியவள் பேச்சை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவன் சொன்ன ஜாதி ஷூவையே வாங்கிக்கொண்டு போனாள். ஜவ்வாது மலையில் பாதித் தடம் மிதித்து ஏற முடியாது, இறங்கித் தள்ளத்தான் வேண்டும். வளையாத அந்தப் பலகையோடு பாறையில் கால் வைத்தால், பாசி பிடித்த குளத்துப்படி தோற்றுவிடும். கொக்கிக்குள் செம்மண் அடைத்துக்கொண்டு பெடலில் மாட்டவும் இல்லை, மாட்டினால் கழலவும் இல்லை. கட்டைவிரல் நகம் பெயர்ந்து ஒரு பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்தவளைத் தசரதன் வேன் கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போனான். வாழ்க்கை முழுக்கக் கொண்டுவிடப்பட்டவளைப் பந்தயத்திலிருந்தும் கொண்டுவந்து விட்டார்கள். அந்த வேனில் அவள் அழவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, ஊர் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

அதனால் இந்த வருஷம் எவன் பேச்சையும் கேட்பதில்லை என்று முடிவெடுத்தாள். ஷூ தேடினாள் பாருங்கள், மாப்பிள்ளை தேடினதுகூட அவ்வளவு பாடு இல்லை. அடி ரப்பராக இருக்க வேண்டும், நடக்கும்போது வளைய வேண்டும், பாறையைக் கவ்வும்படி ஆழமான வரிகள் வேண்டும். விரல் முனையில் கடினமான மூடி வேண்டும். ஓடையில் இறங்கினால் தண்ணீர் உள்ளே தங்காமல் வடிய வலைத்துணி வேண்டும். மத்தியானத்துக்குமேல் கால் வீங்கும், அதைத் தினமும் பார்க்கிறவள் அவள், அதனால் ஓர் அளவு பெரியது. திருகு வேண்டவே வேண்டாம், மலையில் திருகு உடைந்தால் மிஸ்திரிக்கு எங்கே போவது? லேஸ்தான். கொக்கி மாட்டும் பெடலைக் கழற்றிவிட்டு, ரப்பர் அடி வழுக்காமல் இருக்க மேலே கூரான ஆணிகள் வைத்த தட்டைப் பெடலைப் போட்டாள்.

இத்தனை யோசித்தவள் இரண்டு இடத்தில் கோட்டைவிட்டாள். இரண்டுக்கும் அவள் அருவருப்புதான் காரணம்.

முதலாவது, மாற்றுச் செருப்பு. சீட்டுக்குப் பின்னால் பையோடு ஒரு ரப்பர் செருப்பைக் கட்டிக்கொள்ளலாமா என்று எடுத்துப் பார்த்தாள். அதே பையில்தானே கடலை மிட்டாயும் பேரீச்சம்பழமும் இருக்கிறது, அதன் மேல் செருப்பா, சீ என்று தூக்கிப் போட்டுவிட்டாள்.

இரண்டாவது, புது ஷூ வந்து சேர்ந்தது ஆடி மாதத்தில். மாமியார் உண்ணாமலை பெட்டியைப் பார்த்ததும் தடுத்தாள்.

"ஆடியில புதுசு போட்டுக்காதம்மா. ஆவணி பொறக்கட்டும். மஞ்ச வெச்சு நானே எடுத்துக் குடுக்கறேன்."

ஆடித் தள்ளுபடியில் ஊரே புதுசு வாங்கி மாட்டிக்கொண்டு திரிகிறது, இவள் மாமியாருக்கு மட்டும் ஆடி வேறு ஆடி. பந்தயமோ ஆவணி முதல் சனிக்கிழமை. வேறு சமயமாக இருந்தால் அன்புச்செல்வி வீட்டை இரண்டாக்கியிருப்பாள். ஏற்கெனவே, மெத்தை வைத்த சைக்கிள் கால்சட்டையைக் கொடியில் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, ஜட்டியில தலகாணி தெச்சு வெச்சுருக்குது" என்று தெருவுக்கே கேட்கும்படி உண்ணாமலை கேட்டபோது பெரிய சண்டை நடந்திருக்கிறது. ஆனால் இந்தத் தடவை மருமகள் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கும் அதுவே சௌகரியமாக இருந்தது. ஆடிப் பௌர்ணமிக் கூட்டம் போட்டுவிட்டுப் போன அசிங்கத்தில், இன்னும் கடை வாசனை போகாத அந்த ஷூவை வைத்து மிதிக்க அவளுக்கு மனசு வரவில்லை. மழை வந்து பாதையைக் கழுவட்டும் என்று இருந்தாள். வீட்டுக்குள் போட்டு நடந்து பழக்கியிருக்கலாம். வீட்டுக்குள் செருப்பா? அந்த யோசனை மாமியாருக்கு மட்டுமல்ல, அவளுக்கே வராது. ஷூ பீரோவின் மேல் பெட்டிக்குள் பத்திரமாகத் தூங்கியது.

நோயாளிகளிடம் அவள் சொல்வது என்ன? "புதுச் செருப்ப மொத நாளே நாளெல்லாம் போடாதீங்க, கொஞ்சங் கொஞ்சமா போட்டுப் பழக்குங்க." நாள் தவறாமல் சொல்லுவாள். ஊருக்குத்தான் உபதேசம்.

சனிக்கிழமை விடியலில், இரண்டு ஷூ முனையிலும் மஞ்சளும் குங்குமமும் மின்னக் கிளம்பினாள். அருண்பிரசாத் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னாக்கா, ஷூவுக்கு ஆயுத பூஜையா?" என்று சிரித்தான். அவனைக் கண்டுகொள்ளாமல் மிதித்தாள்.

மத்தியானம்வரை ராஜபாட்டை. ரப்பர் அடி பாறையைக் கவ்வியது, பெடல் ஆணி அடியைக் கவ்வியது. ஷூ தேர்ந்தெடுத்த தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டாள். சாயங்காலம் மலை மேல் மழை பிடித்தது. இரண்டு ஓடைகளில் இறங்கித் தள்ளினாள். வலைத்துணி தண்ணீரை வடித்தது, சேற்றுமணலை வடிக்கவில்லை. குதிகாலில் லேசாக ஓர் எரிச்சல் தொடங்கியது. அது என்னவென்று அந்த மலையிலேயே அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இருக்க முடியாது. தெரிந்தே கழற்றிப் பார்க்கவில்லை. பார்த்தால் பயம் வந்துவிடும். ராத்திரி முழுக்க அப்படியே ஓட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு மலைக் கிராமத்து முருகன் கோயில் வாசலில் அதற்குமேல் ஓர் அடி எடுத்துவைக்க முடியாமல் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றினாள்.

முதலில் நாற்றம் வந்தது. கட்டுப்போடும் அறையின் நாற்றம். சாக்ஸை உரித்தபோது அதோடு தோலும் வந்தது. பாதம் வெளுத்து, ஊறி, சுருங்கி, தண்ணீரில் கிடந்த அப்பளமாகத் தொங்கியது. இரண்டு குதிகாலிலும் ரூபாய்க் காசளவு சிவப்புச் சதை. தன் கால்தான். ஆனாலும் வேறு யாருடையதோ போலக் குமட்டியது. "சனியனே, உனக்கெல்லாம் நர்ஸ் வேலை ஒரு கேடா?" என்று தன்னையே திட்டிக்கொண்டு, பையிலிருந்த ஸ்பிரிட்டை ஊற்றிக் கட்டுப்போட்டாள். ஷூவை மறுபடி மாட்டிப் பார்த்தாள். புதுசின் பின்விளிம்பு கட்டையும் மீறிக் கத்தியாக வெட்டியது. வெறுங்காலோடு மிதிக்கலாம் என்றால் பெடலெல்லாம் ஆணி. தள்ளிக்கொண்டு நடக்கலாம் என்றால் தடமெல்லாம் கல்.

எதிரே ஒரு பெட்டிக்கடை. "செருப்பு இருக்குங்களா?" என்றாள்.

"பீடி, பிஸ்கோத்து தாம்மா. செருப்புக்கு சந்தைக்குத்தான் போவணும்" என்றாள் கடைக்காரி.

அப்போதுதான் வேன் சத்தம் கேட்டது. தசரதன்.

போட்டிக்காரர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று செல்போனில் புள்ளி புள்ளியாகக் காட்டுவார்கள். மனைவியின் புள்ளி ஒரே இடத்தில் நகராமல் நிற்பதைப் பார்த்துவிட்டு ஓடிவந்திருக்கிறான். ஒரு கையில் அவளுடைய பழைய ரப்பர் செருப்பு, மறு கையில் எவர்சில்வர் டப்பா.

"நீ ஒண்ணும் சொல்லாத. வேன்ல ஏற வேணாம். இந்தச் செருப்ப மட்டும் போட்டுக்கோ, தயிர் சாதம் ரெண்டு வாய் துன்னு. நான் பாட்டுக்குப் போயிடறேன்."

"எடுத்துக்கினா நான் வெளியில போயிடுவேங்க. உங்களுக்குத் தெரியும்."

"ஆபத்துக்குப் பாவமில்ல. இந்தக் காட்டுல யாரு பாக்கப்போறாங்க?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ராத்திரி முழுக்கத் தூங்காத கண். பாசம் வழிகிற முகம். அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை. கிரிவலப் பாதையில் எச்சில் தட்டை வீசிவிட்டு விபூதியைச் சரிசெய்துகொண்ட கை நினைவுக்கு வந்தது. இதுவரை அவளுக்குத் தசரதனிடம் கோபம் வந்ததுண்டு, சலிப்பு வந்ததுண்டு. அருவருப்பு இதுதான் முதல் தடவை. அது அவளுக்கே பயமாக இருந்தது.

"போங்க" என்றாள். "மொதல்ல இங்கிருந்து போங்க."

அவன் முகம் செத்துவிட்டது. டப்பாவை எடுத்துக்கொண்டு போய் வேனில் உட்கார்ந்தான். போகவில்லை.

அவள் சுற்றிப் பார்த்தாள். கோயில் வாசலின் இடது பக்கம், வேலி ஓரமாக ஒரு குவியல். ஆடிக் கிருத்திகைக்கு வந்த கூட்டம் விட்டுவிட்டுப் போன செருப்புகள். மறந்து போனதில்லை, வேண்டுமென்றே விட்டது. கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனால் பிடித்த பீடை அதோடு தொலையும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. கடனாளி, வியாதிக்காரன், கல்யாணம் தட்டிப்போனவள், எல்லோருடைய சனியும் அங்கே மழையில் நனைந்து கிடந்தது. ஊரில் பிச்சைக்காரர்கூட அதைத் தொடமாட்டார்கள்.

தொட்டால் தப்பில்லை. அது யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் பொது. பின்னால் வருகிற எவனும் எடுத்துக்கொள்ளலாம். விதியில் அதற்குத் தடை கிடையாது. ஒரே தடை அவள்தான்.

சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கால் விரல்களை ஊன்றி ஊன்றிப் போய்க் குவியல் அருகே குந்தினாள். பின்னாலிருந்து கடைக்காரி, "அய்யோ, அதையா எடுக்கற? வேணாம்மா, பீடை!" என்றாள். வேனுக்குள்ளிருந்து தசரதனும், "ஊரான் பீடை அது, தொடாத!" என்று கத்தினான். இரண்டு விரலால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். குதிகால் திறந்திருக்க வேண்டும், வார் அறுந்திருக்கக் கூடாது, அடி தேய்ந்திருக்கக் கூடாது. ஜோடி ஒன்றும் உருப்படியாக இல்லை. இடது காலுக்குக் கட்டைவிரல் வளையம் வைத்த ஓர் ஆம்பளைச் செருப்பு. வலது காலுக்குப் பிளாஸ்டிக் பூ ஒட்டிய ஒரு ஊதாச் செருப்பு. உள்ளே யாரோ ஒருவரின் ஐந்து விரலும் கறுப்பு அழுக்காகப் பதிந்திருந்தது. வாயில் எச்சில் ஊறியது. துப்பினாள். மிச்சமிருந்த ஸ்பிரிட்டை ஊற்றித் தேய்த்தாள். அந்தக் கறுப்பு விரல்கள் போகவில்லை.

அதன் மேலேயே தன் விரல்களை வைத்தாள்.

குதிகாலில் பிடிப்பில்லாமல் செருப்பு நழுவியது. புது ஷூவிலிருந்து லேஸை உருவி, செருப்போடு பாதத்தைச் சேர்த்துக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினாள். லேஸ் வைத்த ஷூ வாங்கியதற்கு அந்த ஒரு பலன் கிடைத்தது. மஞ்சள் கரைந்த ஷூக்களைப் பையோடு, கடலை மிட்டாய்க்குப் பக்கத்திலேயே, செருகிக்கொண்டு ஏறி மிதித்தாள். வேனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பொழுது மலைக்குப் பின்னால் இறங்கும் நேரத்தில் செங்கம் ரோட்டு மைதானத்துக்கு வந்து சேர்ந்தாள். நேரம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. நாலைந்து பேர் கைதட்டினார்கள். வெகுநேரம் முன்பே பந்தயத்தை முடித்து, குளித்து, பவுடர் போட்டு உட்கார்ந்திருந்த அருண்பிரசாத் அவள் காலைப் பார்த்துவிட்டு எழுந்தான்.

"அக்கா, இது இன்னா பிராண்டுக்கா?"

"சனீஸ்வரன்" என்றாள்.

சைக்கிளைச் சாய்த்துவிட்டு மண்ணில் உட்கார்ந்தாள். உடம்பெல்லாம் சேறு, கையெல்லாம் சங்கிலி மை. இந்த இடத்துக்கு அவளை யாரும் கொண்டுவந்து விடவில்லை. அந்தச் சந்தோஷத்தோடு தன் மேல் அடித்த நாற்றமும் சேர்ந்தே வந்தது.

கொஞ்ச தூரத்தில் வேன் நின்றிருந்தது. தசரதன் கிட்டே வராமல் கதவில் சாய்ந்துகொண்டு இருந்தான். கையில் அதே எவர்சில்வர் டப்பா.

"கொண்டாங்க" என்றாள்.

அவன் தயங்கித் தயங்கி வந்தான். அவள் காலைப் பார்த்தான், பார்வையை எடுத்தான், மறுபடி பார்த்தான். குந்தி உட்கார்ந்து, ஊரான் பீடையென்று காலையில் கத்தியவன், அந்த லேஸ் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். ஊதாச் செருப்போடு கட்டும் பிய்ந்து வந்தது. அவள் பல்லைக் கடித்தாள். புண்ணைப் பார்த்துத் தசரதன் முகம் சுளிக்கவில்லை. அழுதுவிடுவான் போல இருந்தது.

டப்பாவைத் திறந்தாள். காலையில் பிசைந்த தயிர் சாதம் வெயிலில் கிடந்து புளித்து, மூடியில் நுரை கட்டியிருந்தது. அந்த வாடை வந்தாலே வீட்டில் பாத்திரத்தோடு தூக்கிக் கொட்டுகிறவள் அவள்.

"கெட்டுப் போச்சு அன்பு, வேணாம். ஓட்டல்ல வாங்கியாறேன்" என்றான் தசரதன்.

அவள் ஒரு வாய் எடுத்தாள். முகம் கோணியது. விழுங்கினாள். இன்னொரு வாய் எடுத்தாள்.

"கையாவது கழுவிக்கடி. செருப்பத் தொட்ட கை."

அவள் மென்றுகொண்டே அவனைப் பார்த்தாள்.

"யாரு பாக்கப்போறாங்க?"